மோர்ல ஊத்துன தண்ணி

என்னால ஒரு இடத்துல உக்கார முடியாது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், எங்கம்மா திட்டாத திட்டு இல்ல. ஆனா அந்த ஆறு மாசம் நான் உக்காந்ததா எனக்கு நெனப்பே இல்ல. நின்னுகினே சாப்ட்டேன், நின்னுகினே போன் பேசுனேன், கம்பெனி வேன்ல எறங்குற எடத்துக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே எழுந்து நிப்பேன். டிரைவர் கண்ணாடில பாத்து, "இன்னாக்கா, குதிக்கப் போறியா?"ம்பான். என் பொண்ணுக்கு வயித்துப்போக்கு நிக்கல. அவ அப்ப ரெண்டாங்கிளாஸ்.

சாப்ட்ட கையோட வயித்தப் புடிச்சிகினு பாத்ரூமுக்கு ஓடுவா. நாத்தம்னா அப்பிடி ஒரு நாத்தம், மேல எண்ணெயா மிதக்கும். ஏப்பம் உட்டா அழுகுன முட்டை வாசனை. ஸ்கூல் பாவாட இடுப்புல நிக்கலன்னு ஒரு ஊக்கு குத்துனேன். அடுத்த மாசம் ரெண்டு ஊக்கு. அப்புறம் மூணு. எடை மெஷின் எங்க ஊட்ல கெடையாது, எனக்கு அந்த ஊக்குதான் கணக்கு. காலைல அவளுக்கு ஊக்கு குத்தும்போது அவ, "ம்மா, குத்திடாத"ம்பா.

நான் வேலை பாக்குறது மண்ணூர்பேட்டை பக்கம் ஒரு சின்ன கம்பெனில. வண்டிக்குப் போற பாகம் செய்யறோம். நான் கடைசி டேபிள், செக்கிங். பீஸ் தப்பா வந்தா எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், யாரு கைன்னு தேடிப் புடிக்கிறது என் வேலை. எங்க சூப்பர்வைசர் அடிக்கடி சொல்வாரு: "ஆப்பரேட்டர எப்படி செய்யறன்னு கேக்காதம்மா. செஞ்சி காட்டச் சொல்லி பாரு. கேட்டா எல்லாரும் சரியாத்தான் சொல்லுவாங்க." எத்தினி பேர இந்த மாதிரி நிக்க வெச்சி புடிச்சிருக்கேன். அதுல எனக்கு கொஞ்சம் திமிரும் உண்டு, ஏன் பொய் சொல்லணும்.

பூந்தமல்லில ஒரு கொழந்தைங்க டாக்டர் கிட்ட கூட்டிகினு போனேன். மோஷன் டெஸ்ட் எழுதிக் குடுத்தாங்க. ரிசல்ட்ட பாத்துட்டு, "ஜியார்டியா"ன்னாங்க. நான் புழுன்னு நெனச்சி, "ஸ்கூல்ல பூச்சி மாத்திர குடுத்தாங்களே டாக்டர்"னேன்.

"இது புழு இல்லம்மா. அந்த ஒரு மாத்திரைக்கெல்லாம் இது போகாது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி, குடல் சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. அழுக்குத் தண்ணி, கழுவாத கை, இப்படித்தான் உள்ள போகும்."

மருந்து எழுதுனாங்க. கூடவே சின்னச் சின்ன பாக்கெட்ல ஒரு பொடி. "இது நல்ல கிருமி. புரோபயாட்டிக். வயித்துப்போக்கு சீக்கிரம் அடங்க உதவலாம், உதவாமயும் போகலாம், எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. ஆனா மருந்துக்குப் பதில் இது இல்ல. சூடா எதுலயும் கலக்காதீங்க, கிருமி செத்துடும். தண்ணிய காய்ச்சி ஆறவெச்சி குடுங்க. தயிர், மோர் தாராளமா குடுக்கலாம்."

அவங்க பத்து விஷயம் சொன்னாங்க. என் காது வாங்குனது மூணே மூணு: நல்ல கிருமி, சூடு ஆவாது, மோர் குடு.

அன்னிலேர்ந்து எனக்கு ஒரு வெறி புடிச்சிது. வயித்துக்குள்ள கெட்ட கிருமி கீது, நாம நல்ல கிருமிய உள்ள அனுப்பிகினே இருந்தா அதுங்க இதுங்கள தொரத்திடும். அவ்ளோதான், கணக்கு முடிஞ்சிது. போன்ல தயிர் வீடியோவா பாத்தேன். கம்பெனில லஞ்ச் டைம்ல பக்கத்துல உக்காந்தவள ஒருத்திய உடல, எல்லாருக்கும் குடல் பாடம் எடுத்தேன். "யக்கா, நாங்க சாப்ட்டுக்கிறோமே"ன்னு ஒருத்தி டிபன் டப்பாவ தூக்கிகினு வேற டேபிளுக்கே போயிட்டா.

என் ஊட்டுக்காரர் ஆவடில பேக்டரி வேலை. பேக்டரி குவார்ட்டர்ஸ்லயே பொறந்து வளந்தவர். எதுக்கும் பதறமாட்டாரு, அதுவே எனக்கு எரிச்சல். "நாங்கல்லாம் குழாயில வாய வெச்சி குடிச்சோம், எங்களுக்கு என்ன ஆச்சு?"ன்னாரு. அன்னிக்கு அவருக்கு சோறு போடாம பூட்டேன். மறுநாள்லேர்ந்து ஆறு மணிக்கெல்லாம் தண்ணிய கொதிக்க வெச்சி பெரிய எவர்சில்வர் பானைல ஊத்தி மூடி வெப்பேன். குடிக்கிற தண்ணில ஒரு சொட்டு கூட பச்சத் தண்ணி கெடையாது. யாரு கேட்டாலும் அத்த மார்தட்டி சொல்லுவேன்.

தயிருக்கு பால் பக்கத்து ஊட்டு அக்கா கிட்ட. நாங்க பாரிவாக்கத்துல வாடகைக்கு கீறோம். எங்க தெரு பூரா முன்னாடி அவங்க குடும்பத்து நெலம், எல்லாம் மனையா போச்சு. அவங்க ஊட்டுக்காரர் சென்னீர்குப்பத்துல ஒரு லாரி ஆபீஸ்ல லோடு ஏத்துறாரு. அக்கா கிட்ட மிச்சம் இருந்தது ஒரே ஒரு மாடு. செவல, நெத்தில வெள்ள. காலைல அத்த குளுப்பாட்டி நிக்க வெச்சாத்தான் அவங்களுக்கு டீயே எறங்கும். அவங்க பொண்ணும் என் பொண்ணும் ஒரே கிளாஸ், ஒரே பெஞ்ச். சாயங்காலம் நான் வேலையிலேர்ந்து வந்தா ரெண்டும் வாசல்லயே நிக்கும். நான் பைய வெச்ச கையோட தயிர கடஞ்சி, தண்ணி நல்லா ஊத்தி, உப்பு, கொஞ்சம் பெருங்காயம் போட்டு ரெண்டு டம்ளர் மோர் குடுப்பேன். அந்தக் குட்டி மூக்குக்குக் கீழ மோர் மீசையோட, "அத்தே, இன்னும் கொஞ்சம்"ங்கும். எனக்கு பெருமையா இருக்கும், ரெண்டு புள்ளைங்க வயித்துக்கும் நல்ல கிருமிய அனுப்புறேன்னு.

மருந்து ஒரு வேள உடாம குடுத்தேன். கசப்பு தாங்காம மூஞ்சத் திருப்புவா, புடிச்சி ஊத்துவேன். பொடியையும் தவறாம ஜில்லுனு தண்ணில கலக்கிக் குடுத்தேன். பத்து நாள் நல்லா இருந்தா. ஊக்க எடுத்துடலாமான்னு கூட நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் ஸ்கூல்லேர்ந்து போன்: "பாவாடையிலயே போயிட்டாங்க மேடம், வந்து கூட்டிட்டுப் போங்க." அவ ஸ்கூல் கேட்டாண்ட தல குனிஞ்சி நின்னா பாரு, அந்த மூஞ்சிய நான் சாவற வரைக்கும் மறக்கமாட்டேன்.

திரும்ப டாக்டர், திரும்ப டெஸ்ட், திரும்ப அதே பேரு. "தண்ணி காய்ச்சித்தானே குடுக்குறீங்க?"ன்னு கேட்டாங்க. "சத்தியமா டாக்டர்"னேன். எனக்குக் கோவம்கூட வந்துது, என்னப் பாத்து இந்தக் கேள்வியான்னு.

அப்ப எங்கேந்து வருது? நான் செக்கிங்காரி இல்லியா, தேட ஆரம்பிச்சேன். ஸ்கூல் வாசல்ல விக்கிற மாங்கா கீத்து, பானிபூரி, இவ வாய்ல வெக்கிற பென்சில், நகம், பாத்ரூம் கதவு. ஊட்ட தெனமும் ரெண்டு தபா பினாயில் போட்டுத் தொடச்சேன். ஊட்டுக்காரர், "ஊடா ஆஸ்பத்திரியா இது, மூக்கு எரியுது"ன்னாரு. தேடிகினு இருக்கும்போதே பக்கத்து ஊட்டுக் குட்டிக்கும் அதே போக்கு ஆரம்பிச்சிது. அதே ஏப்பம், அதே வயித்து வலி.

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. கேக்கவே அசிங்கமா கீது, ஆனா அதான் நெஜம். ஒரு கொழந்தைக்கு நோவுன்னதும் எனக்கு நிம்மதி. புடிச்சிட்டேன்னு நெனச்சேன். அங்க மாடு, சாணி, மூத்திரம், ஈ. அந்தப் பொண்ணு சாணி தட்டுன கையோட வரும். அங்கேந்துதான் இங்க. வேற இன்னா ஆதாரம் வேணும்?

நேரா போயி அவங்க கேட்டாண்ட நின்னேன். அக்கா கையில சாணிக் கூடை.

"ஏன்க்கா, ஊட்ட சுத்தமா வெச்சிக்கவே மாட்டியா? ஒரே ஈ. உன் பொண்ணு கை கூட கழுவாம என் ஊட்டுக்கு வருது. அதால என் பொண்ணு துரும்பா போயிட்டா. இப்ப உன் பொண்ணுக்கே வந்துச்சா இல்லியா?"

"இன்னாம்மா இப்டி சொல்ற. காலங்காலமா மாடு வெச்சிகினு கீறோம். யாருக்கு இன்னா வந்துது?"

"இப்ப வந்துது இல்ல? மாடு முக்கியமா, புள்ள முக்கியமா? யோசிச்சிக்க."

தெருவே பாத்துது. எதிர்ல துணி காயப் போட்டுகினு இருந்தவ க்ளிப்ப கையில வெச்சிகினே நின்னுட்டா. அக்கா கூடைய கீழ வெச்சாங்க. "சரி உடு"ன்னு உள்ள போயிட்டாங்க. நான் ஜெயிச்சிட்டு வர்றவ மாதிரி திரும்பி வந்தேன்.

அதோட பால நிறுத்திட்டேன். பாக்கெட் பால்ல தயிர் போட்டேன். அந்தப் பக்கத்து ஜன்னல சாத்துனேன். என் பொண்ணு அங்க போவக்கூடாது, அந்தக் குட்டி இங்க வரக்கூடாது. அதுவும் பத்தலன்னு ஸ்கூல்ல டீச்சர் கிட்ட சொல்லி பெஞ்ச மாத்த வெச்சேன். சாயங்காலத்துல அந்தக் குட்டி எங்க கேட்டாண்ட வந்து கம்பிய புடிச்சிகினு நிக்கும். ரெண்டு நாள் நின்னுது, மூணாம் நாள் வரல. என் பொண்ணு என் கூட பேசமாட்டேன்னு மூஞ்ச திருப்பிகினு மோர குடிச்சா. குடிச்சா சரி, பேசாட்டி போன்னு உட்டுட்டேன்.

ரெண்டாவது தபா மருந்து முடிஞ்சிது. பதினஞ்சு நாள் ஆச்சு. பதினாறாம் நாள் திரும்ப பாத்ரூமுக்கு ஓடுனா.

நான் பைத்தியம் புடிச்சா மாதிரி ஊட்டுக்குள்ள நடந்தேன். ஹால்லேர்ந்து கிச்சன், கிச்சன்லேர்ந்து ஹால். மாட்டாண்ட போறதில்ல, அந்தப் பொண்ணு வர்றதில்ல, அந்த ஊட்டுப் பால் இல்ல. அப்பவும் என் புத்தி இன்னா சொல்லுது தெரியுமா? ஸ்கூல்ல திருட்டுத்தனமா பேசிக்குதுங்க போல, அதான்னு சொல்லுது.

அது ஒரு ஞாயித்துக்கிழம, பத்து மணி இருக்கும். நான் கிச்சன்ல வெங்காயம் அரிஞ்சிகினு இருந்தேன். என் பொண்ணு தனியா வெளையாடுறா, கூட வெளையாடத்தான் நான் யாரையும் உடலியே. பொம்மைக்கு பக்கத்து ஊட்டுக் குட்டி பேர வெச்சி, "உனக்கு வயிறு வலிக்குதா? மருந்து தரேன் இரு"ன்னு பேசிகினு இருந்தா. காலி பொடி பாக்கெட் ஒண்ண எடுத்துகினு, சின்ன சொப்பு கிண்ணத்தோட கிச்சனுக்கு வந்தா. ஸ்டூல் போட்டு ஏறி, சிங்க் குழாவ தொறந்து, கிண்ணத்துல தண்ணி புடிச்சா.

"ஏய், குழாத் தண்ணிலயா மருந்து கலக்குவ? காய்ச்சுன தண்ணி அங்க பானைல கீது பாரு."

அவ திரும்பிப் பாத்தா. கிண்டல் இல்ல, எதுர்த்துப் பேசறதும் இல்ல, நெஜமாவே புரியாம கேட்டா. "நீ இதுலதானேம்மா கலக்குவ? மோருக்கும் இதுலதான் புடிப்ப."

கத்திய கீழ வெச்சேன். வெச்சேனா போட்டேனான்னு தெரியல.

ஆமா. ஆறு மணிக்குக் காய்ச்சுன தண்ணி ஏழு மணிக்கு பானைல தொட்டா சுடும். ஏழே காலுக்கு எனக்கு வேன். சூட்டுல கலந்தா நல்ல கிருமி செத்துடுமே, அதனால குழாவ தொறந்து அரை டம்ளர் ஜில்லுனு புடிச்சி பொடிய கலக்குவேன். சாயங்காலம் மோருக்கும் அதே குழாதான். எங்க ஊட்ல எப்பவும் அப்பிடித்தான், காய்ச்சுன தண்ணி ஊத்துனா மோர் சப்புனு பூடும்பாங்க. குடிக்கிற தண்ணி வேற, மோர்ல ஊத்துற தண்ணி வேறன்னு என் மண்டையில யாரு எழுதி வெச்சான்னு எனக்கே தெரியல. டாக்டர் கேட்டப்போ நான் பொய் சொல்லல. சொன்னது அத்தனையும் சரியாத்தான் இருந்துது. செஞ்சதுதான் வேற.

ஊட்டுக்காரர இழுத்துகினு வெளிய போயி சம்ப்பு மூடிய தூக்கச் சொன்னேன். தரைக்குக் கீழ கீற அந்தத் தொட்டித் தண்ணிதான் மோட்டார்ல மேல ஏறி குழாவுக்கு வருது. ரெண்டு முழம் தள்ளி செப்டிக் டேங்க். சம்ப்போட அந்தப் பக்கத்து சுவர்ல ஒரு விரிசல், அதுலேர்ந்து கறுப்பா ஒரு கோடு கசிஞ்சி எறங்கி இருந்துது. குழாயில வாய வெச்சி குடிச்ச கதைய அதுக்கப்புறம் அவரு எடுக்கவே இல்ல.

நான் அப்பவே பக்கத்து ஊட்டுக்குப் போயிருக்கணும். பத்தடிகூட இல்ல. செருப்பு கூட போட வேணாம். ஆனா போவல. ஊட்டுக்காரர், "போயி சொல்லிட்டு வா"ன்னாரு. "இருங்க, தண்ணிய டெஸ்ட்டுக்குக் குடுப்போம், ரிசல்ட் வரட்டும், சும்மா வாயால சொன்னா நல்லா இருக்காது"ன்னேன். என் வேலையில அப்பிடித்தான், பேப்பர் கையில இல்லாம பேசமாட்டோம். இப்படித்தான் எனக்கே நான் சொல்லிகினேன். உண்மை இன்னான்னா, தெருவுல நின்னு கத்துன வாய்க்கு திரும்ப அதே கேட்டாண்ட போயி நிக்க வெக்கமா இருந்துது. நாலு நாள் தள்ளிப் போட ஒரு சாக்கு கெடச்சிது, புடிச்சிகினேன்.

அந்த நாலு நாளும் கம்பெனில எனக்கு வேலையே ஓடல. ஒரே பீஸ மூணு தபா அளந்தேன். பக்கத்து ஊட்டுல சத்தம் கம்மியா இருந்துது, அது கூட எனக்கு ஒறைக்கல. ஜன்னலத்தான் சாத்தி வெச்சிருக்கேனே.

வியாழக்கிழம ரிசல்ட் வந்துது. கழிவுத்தண்ணி கலந்திருக்கு, குடிக்க ஒதவாதுன்னு. வேன்லேர்ந்து எறங்குனதும் ஊட்டுக்குக் கூட போவல, அந்தப் பேப்பரோட நேரா அக்கா ஊட்டுக்குப் போனேன்.

மாட்டுக் கொட்டா காலியா இருந்துது. தரைய நல்லா கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டு வெச்சிருந்தாங்க, வெள்ள வெளேர்னு. கட்டுத்தறில கயிறு மட்டும் சுத்தி மாட்டியிருந்துது. அக்கா கூடையெல்லாம் அடுக்கிகினு இருந்தாங்க.

"வா. இன்னா?"ன்னாங்க.

"மாடு எங்கக்கா?"

"நேத்து வந்து ஓட்டிகினு பூட்டாங்க."

"ஏன்க்கா?"

அவங்க என்ன ஒரு மாதிரி பாத்தாங்க. கோவமா இருந்திருந்தா தேவல. "நீதானேம்மா சொன்ன. ஆஸ்பத்திரில என் பொண்ணுக்கும் அதே பூச்சிதான்னாங்க. நீ கம்பெனில தப்பு கண்டுபுடிக்கிற வேலை பாக்குறவ, தெரியாமலா சொல்லுவன்னு நெனச்சேன். அவரு வேணாம், யோசின்னாரு. நான்தான், மாடு முக்கியமா, புள்ள முக்கியமான்னு கேட்டு வித்துட்டேன்."

என் வாயில வந்த வார்த்தைய அப்படியே எனக்குத் திருப்பிக் குடுத்தாங்க. அது அவங்களுக்குத் தெரியவும் இல்ல.

"அக்கா, மாடு இல்லக்கா. என் ஊட்டுத் தண்ணிக்கா. மோர்ல நான் ஊத்துன தண்ணி. என் பொண்ணுக்கும் நான்தான் குடுத்தேன், உன் பொண்ணுக்கும் நான்தான் குடுத்தேன்." பேப்பர நீட்டுனேன். அவங்க அத்த வாங்கல. அவங்களுக்குப் படிக்கத் தெரியும், ஆனா வாங்கல.

கையில இருந்த கூடைய மத்ததுங்க மேல அடுக்குனாங்க. அப்புறம் கேட்டாங்க: "எப்ப தெரிஞ்சிது உனக்கு?"

அந்தக் கேள்விய நான் எதிர்பாக்கவே இல்ல. "ஞாயித்துக்கிழம"ன்னேன்.

"ஞாயித்துக்கிழம," அக்கா சொன்னாங்க. "மாட்ட ஓட்டிகினு போனது நேத்து."

உள்ள திரும்பி, "வாடி, டாக்டராண்ட போணும்"னு பொண்ண கூப்ட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே நாங்க நாலு பேரும் ஒரே ஆட்டோல பூந்தமல்லிக்குப் போனோம். நடுவுல ரெண்டு புள்ளைங்க மட்டும் எவ்ளோ நாளா சேத்து வெச்சத எல்லாம் பேசிகினு வந்துதுங்க. டாக்டர் பேப்பர பாத்துட்டு, "இந்தத் தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா, எவ்வளவு நல்ல கிருமிய குடுத்தாலும் என்னம்மா ஆகும்?"னாங்க.

ரெண்டும் தேறிடுச்சிங்க. ஊட்டு ஓனர் சம்ப்ப இடிச்சி வேற எடத்துல கட்டுனாரு. பாவாட ஊக்கு ஒவ்வொண்ணா கழண்டுது, கடைசி ஊக்க என் தாலிச் சரட்டுல மாட்டி வெச்சிருக்கேன். மாட்டத் தேடி நானும் ஊட்டுக்காரரும் ரெண்டு ஞாயித்துக்கிழம அலஞ்சோம். வாங்குனவன் வேற ஆளுக்குக் குடுத்துட்டான், அந்த ஆளு போன எடுக்கல. பெஞ்ச திரும்ப மாத்தச் சொல்லி டீச்சர் கிட்ட போயி நின்னேன். சாயங்காலம் இப்பவும் ரெண்டு டம்ளர் மோர். காலைல காய்ச்சுன தண்ணிய தனியா ஒரு கூஜால ஆறவெச்சி, அதுலதான் கலக்குறேன். சப்புனுதான் கீது. குடிக்குதுங்க.

அக்கா என் கூட நல்லாத்தான் பேசுறாங்க. கரண்ட்டு, ஸ்கூலு, கொசு, எல்லாம் பேசுவாங்க. மாட்டப் பத்தி மட்டும் ஒரு வார்த்த வராது. காலைல ஆறு மணிக்கு தெரு முனை கடைல ரெண்டு பேரும் பாக்கெட் பாலுக்கு நிப்போம். அவங்களுக்கு அத்த எப்படிப் புடிக்கிறதுன்னு இன்னும் பழகல. நனஞ்ச பாக்கெட்ட ரெண்டு கையிலயும் ஏந்திகினு, கீழ உட்டுடுவோமோன்னு மெதுவா நடப்பாங்க. நான் பின்னாடியே வருவேன்.